3,995 மில்லிமீட்டர் தைரியம்

இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய எஸ்யூவிகளின் நீளத்தை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மாருதி பிரெஸ்ஸா 3,995 மில்லிமீட்டர். ஹூண்டாய் வென்யூ 3,995. கியா சோனெட் 3,995. டாடா நெக்ஸான் 3,995. நிஸான் மேக்னைட் மட்டும் ஒரு மில்லிமீட்டர் குறைவு, 3,994. வெவ்வேறு நாட்டு நிறுவனங்களின் வடிவமைப்பாளர்கள் எல்லோரும் இப்படி ஒரே அளவில் வந்து நின்றதற்கு அழகியல் காரணமல்ல. வரி.

2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். எது சிறிய கார் என்பதற்கு ஒரு வரையறையும் வந்தது: நீளம் 4,000 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்ஜின் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி.யைத் தாண்டக் கூடாது. பிறகு ஜிஎஸ்டி வந்தது, விகிதங்கள் மாறின; நான்கு மீட்டர் கோடு மட்டும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம். வீட்டுக்கு வருகிற வண்டியின் விலையில் இது லட்சங்களில் விளையாடும் வித்தியாசம்.

நீளத்தில் வளர முடியாத வண்டி உயரத்தில் வளர்ந்தது. 2013-ல் மறைமலை நகர் ஆலையிலிருந்து ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வந்தபோது, பின்கதவில் ஸ்டெப்னி தொங்க, ஒரு குட்டி ஜீப்பைப் போல நின்றது. அதன் அடித்தளம் ஃபியஸ்டா காருடையது. அதற்குப் பிறகு வந்தவையும் பெரும்பாலும் அப்படித்தான். ஃப்ராங்க்ஸுக்குக் கீழே இருப்பது பலேனோ. பஞ்ச்சுக்குக் கீழே அல்ட்ரோஸ். எக்ஸ்டருக்குக் கீழே ஐ10 நியோஸ். தார், ஜிம்னி போன்ற விதிவிலக்குகளைத் தவிர, இந்த நான்கு மீட்டர் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள். சுருக்கமாகச் சொன்னால், குதிகால் உயர்ந்த செருப்பு போட்டுக்கொண்ட ஹேட்ச்பேக்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நம் ஊர் வேகத்தடைகளுக்கும் மழைக்குப் பிந்தைய பள்ளங்களுக்கும் 200 மி.மீ. சொச்சம் தரை இடைவெளி தேவைதான். முழங்கால் வலிக்காரர்கள் குனியாமல் ஏறி உட்காரலாம். எதிரே வருவது தெளிவாகத் தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உயரமான இருக்கை ஓட்டுபவருக்குக் கொடுக்கிற தைரியத்துக்கு, அடியில் இருக்கிற அந்த ஹேட்ச்பேக் பொறுப்பேற்பதில்லை. தேங்கிய தண்ணீரைக் கண்டால் இறக்கிவிடலாம் என்று தோன்றுகிறது. மலைப் பாதையில் நியூட்ரலில் உருட்டத் தோன்றுகிறது. ஐந்து பேர் வண்டியில் எட்டுப் பேரை அடைத்து, கூரையிலும் மூட்டை கட்டத் தோன்றுகிறது. வாங்கிய முதல் மாதத்திலேயே சீட் கவர், முன்பக்க இரும்புக் கம்பி, கூடுதல் விளக்கு, அகன்ற டயர் என்று அரை லட்சத்தைத் தயங்காமல் செலவழிப்பவர், டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று கேட்டால் விழிக்கிறார்.

உயரத்தின் மேல் சந்தேகம் புதிதல்ல. 1988-ல் அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் சுஸுகி சாமுராய் என்ற குட்டி ஜீப்பைச் சோதித்தது. தடையைத் தவிர்க்கச் சட்டென்று ஒதுங்கும்போது எளிதில் கவிழக்கூடியது, ஏற்கத்தக்கதல்ல என்று தீர்ப்பு எழுதியது. சாமுராய் வேறு யாருமல்ல, நம் ஊரில் போலீஸும் ராணுவமும் ஓட்டிய மாருதி ஜிப்ஸியின் உடன்பிறப்பு. சோதனை நேர்மையானதல்ல என்று சுஸுகி 1996-ல் வழக்குப் போட்டது, 2004-ல்தான் சமரசமானது. யார் பக்கம் நியாயம் என்பதில் இரண்டு கட்சி இருக்கலாம். அதன் பின்னால் இருக்கிற கணக்கில் தகராறு இல்லை. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் ஈர்ப்பு மையம் இருக்கும் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். சாதாரணக் கார்களுக்கு அது 1.3 முதல் 1.5 வரை, எஸ்யூவி வகையறாவுக்கு 1 முதல் 1.3 வரை என்கிறது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு. எண் சிறியதாக ஆக, கவிழும் வாய்ப்பு கூடும்.

கூரை மேல் கட்டுகிற ஒவ்வொரு மூட்டையும் இந்த எண்ணைக் குறைக்கிறது. குலதெய்வக் கோயிலுக்குப் போகும் குடும்பம் அண்டா, அடுப்பு, அரிசி மூட்டையைக் கேரியரில் ஏற்றும்போது யாரும் கையேட்டைப் பார்ப்பதில்லை. கூரையில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அதில் அச்சடித்திருக்கிறது. பல வண்டிகளில் அது ஓர் ஆளின் எடை அளவுதான். சில வண்டிகளின் கூரைத் தண்டுகள் வெறும் அலங்காரம், எதையும் கட்டக் கூடாது. கனமான பொருள் டிக்கியின் தரையில், பின் இருக்கையை ஒட்டி இருக்க வேண்டும். தலையணையும் போர்வையும் வேண்டுமானால் மேலே போகட்டும்.

நெடுஞ்சாலையில் நாய் குறுக்கே ஓடும்போது கை தானாக ஸ்டியரிங்கை வெட்டும். தாழ்ந்த காரில் தப்பித்துவிடக்கூடிய அந்த வெட்டு, மூட்டை ஏற்றிய உயர்ந்த வண்டியில் கவிழ்ப்பில் முடியலாம். நேர்கோட்டில் பிரேக்கை முழுதாக மிதிப்பதே முதல் வேலை. 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் எல்லாக் கார்களிலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அது வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். அந்த அதிர்வை முதன்முதலாக உணர்கிறவர், ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார். எடுக்கவே கூடாத நொடி அது. காலி மைதானத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை ஓங்கி மிதித்து, அந்த அதிர்வைப் பழகிக்கொள்வது டிரைவிங் ஸ்கூல்கள் சொல்லித்தராத நல்ல பாடம். வண்டி சறுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்து நேர்படுத்தும் இஎஸ்சி இருக்கிறதா என்பதை, சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டும். உயரமான வண்டிக்கு அது ஆடம்பரம் அல்ல.

இனி டயர். சாலையைத் தொடுவது நான்கு டயர்களிலும் தலா உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ரப்பர் மட்டுமே. பெட்ரோல் பங்க்கில் நடக்கிற உரையாடலை எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

“எவ்ளோ சார் வைக்கணும்?”

“எஸ்யூவிதானே… ஒரு 35 வெச்சிடுப்பா.”

அந்த 35 எங்கிருந்து வந்தது? காற்று அடிப்பவரின் பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம். சரியான விடை ஓட்டுநர் கதவைத் திறந்தாலே தெரிகிற தூணில் ஒட்டப்பட்டிருக்கிறது. முன் சக்கரத்துக்கு இவ்வளவு, பின் சக்கரத்துக்கு இவ்வளவு, ஆள் குறைவாக இருந்தால் இவ்வளவு, முழுச் சுமை என்றால் இவ்வளவு என்று அந்தச் சின்ன ஸ்டிக்கரில் கட்டம் போட்டு எழுதியிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண் அதுவல்ல. அது டயர் தாங்கும் உச்ச அளவு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் மெக்கானிக்குகளிலேயே இருக்கிறார்கள்.

ஸ்டிக்கரில் இருப்பது குளிர்ந்த டயருக்கான கணக்கு. காலையில், வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடாத நிலையில் பார்க்க வேண்டும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ ஏறும். வெயிலில் திண்டிவனம் வரை ஓட்டிவிட்டுப் பார்த்தால் நான்கைந்து கூடுதலாகக் காட்டுவது இயல்பு. “அதிகமா இருக்கு சார்” என்று அங்கே காற்றைத் திறந்துவிட்டால், டயர் ஆறிய பிறகு குறைவான காற்றில் வண்டி ஓடும். நைட்ரஜன் அடித்தால் இந்தக் கவலை இல்லை என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: பங்க்கில் இலவசமாக அடிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

காற்று குறைந்தால் மைலேஜ் குறையும் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். விவகாரம் அதைவிடப் பெரிது. தளர்ந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த நெளிவு சூட்டைக் கிளப்புகிறது. சூடு, உள்ளே ரப்பரும் எஃகு இழையும் ஒட்டியிருக்கும் பிடிப்பைத் தளர்த்துகிறது. வேகமும் சுமையும் கோடை வெயிலும் சேர்ந்தால் மேல்பட்டை உரிந்துவிடும். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றதற்குப் பின்னால் இந்தக் கதைதான் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்புளோரர் எஸ்யூவியில் மாட்டப்பட்டவை. டயரின் தயாரிப்புக் குறை ஒருபுறம். ஃபோர்டு பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ குறைவான அழுத்தம் என்ற குற்றச்சாட்டு மறுபுறம். பட்டை உரிந்ததும் உயரமான அந்த வண்டிகள் உருண்டன. 270-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூறாண்டு நெருங்கிய ஃபோர்டு–ஃபயர்ஸ்டோன் வணிக உறவு முறிந்தது. 2000-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் புதுச் சட்டம் கொண்டுவர, 2007 செப்டம்பர் முதல் அங்கே எல்லாப் புதிய கார்களிலும் டயர் அழுத்தத்தைக் கண்காணித்து எச்சரிக்கும் கருவி கட்டாயமானது.

டயருக்கு வயதும் உண்டு. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை மட்டும் ஓடிய வண்டியில் பட்டன் தேயாமல் புதிதுபோல இருக்கும். ஐந்தாறு ஆண்டில் ரப்பர் இறுகி, பக்கச்சுவரில் முடி போன்ற வெடிப்புகள் விழுந்திருக்கும். வெளியூர்ப் பயணத்துக்கு அந்த டயரை நம்பக் கூடாது. பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு, அதாவது 1.6 மி.மீ. உயரத் தேய்மான அடையாளம், மேற்பரப்போடு சமமாகிவிட்டால் மழையில் வண்டி தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டெப்னிக்கும் மாதம் ஒருமுறை காற்றுப் பார்க்க வேண்டும். அளவில் சிறிய ஸ்டெப்னி என்றால் அதில் 80 கிலோமீட்டர் வேக வரம்பு ஒட்டியிருக்கும். அது பஞ்சர் கடை வரை போய்ச் சேர மட்டும்.

மலைக்கு வருவோம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறையில் 40, மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டியில் 36. ஏறுவதில் என்ஜினுக்குத்தான் கஷ்டம். இறங்குவதில்தான் உயிருக்கு. நீலகிரிச் சாலைகளில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்குவது பழைய லாரி ஓட்டுநர்களின் விதி. இன்றைக்கும் அதைவிட நல்ல விதி வரவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் ‘டி’யில் போட்டுவிட்டு, கீழே வரும் வரை பிரேக்கிலேயே காலை வைத்திருக்கிறார்கள். கியர் லீவரில் ‘எல்’ அல்லது கூட்டல், கழித்தல் குறி எதற்கு இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

தொடர்ந்து தேய்க்கப்படும் பிரேக் சூடாகும்போது முதலில் ஒரு கருகல் நாற்றம் வரும். அடுத்து, பெடல் மெத்தென்று உள்ளே போகும். சிலிண்டரில் இருக்கிற பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் விட்டுவிட்டது என்று அர்த்தம். குமிழை அழுத்தினால் அது சுருங்குமே தவிர, சக்கரத்தைப் பிடிக்காது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரிதான். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது கையேடு சொல்கிற இடைவெளியில், அதை மாற்ற வேண்டும். பாலிஷ், டெஃப்லான் பூச்சு, ஏசி கிருமிநீக்கம் என்று பில்லில் ஆயிரங்களைக் கூட்டும் சர்வீஸ் சென்டர்களில், சில நூறு ரூபாய் விஷயமான பிரேக் ஆயிலைப் பற்றிப் பேச்சே எழாமல் போவது உண்டு. வாடிக்கையாளர்தான் கேட்டு வாங்க வேண்டும். மலையில் நாற்றம் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் தேநீர் குடிப்பது. சூடான பிரேக் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் வளைந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் சென்னைக்காரர்கள் அனுபவசாலிகள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் கற்றுக்கொடுத்ததன் விளைவுதான், 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்ற காட்சி. கிண்டல் செய்தவர்கள் உண்டு. கார்க்காரர்கள் செய்ததில் தப்பில்லை. வண்டியை உயரத்தில் வைத்துவிட்டு வீட்டில் இருப்பவரைவிட, எஸ்யூவிதானே என்று சுரங்கப்பாதையில் இறக்குகிறவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். தரை இடைவெளி என்பது தண்ணீரில் போகக்கூடிய ஆழம் அல்ல. என்ஜின் காற்றை உறிஞ்சும் வாய் பெரும்பாலும் முன்பக்கம், கிரில்லுக்குப் பின்னால்தான் இருக்கிறது. முன்னால் போகும் பேருந்து கிளப்புகிற ஓர் அலை போதும், அதற்குள் தண்ணீர் புக. காற்றைப் போலத் தண்ணீர் சுருங்காது. பிஸ்டன் மோதி, கனெக்டிங் ராடு வளையும். ஓடும் வெள்ளம் இன்னும் மோசம். ஓரடி ஆழ நீரோட்டம் பெரும்பாலான சிறிய கார்களை இழுத்துப் போய்விடும். இரண்டடி இருந்தால் பெரிய எஸ்யூவியும் மிதக்கும்.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. இறங்கிவிட வேண்டும், தள்ள வேண்டும், கயிறு கட்டி இழுக்க வேண்டும். சாவியை மட்டும் தொடக் கூடாது. காப்பீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். வெள்ளச் சேதம் சாதாரண முழுக் காப்பீட்டில் (காம்ப்ரிஹென்சிவ்) அடங்கும். தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் போன என்ஜின் பெரும்பாலும் அடங்காது. அதற்கு ‘என்ஜின் புரொடெக்ட்’ என்ற தனிக் கூடுதல் பாலிசி வேண்டும். கடலோர நகரங்களில் இருப்பவர்கள் புதுப்பிக்கும்போது இந்த ஒன்றில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

அன்றாடப் பராமரிப்பில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது என்ஜின் ஆயில் என்பது பல வண்டிகளுக்குப் பொருந்தும். எந்த ஆயில் என்பதைக் கையேடுதான் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல. கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும், சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பதும் கூடாது. டர்போ வண்டியை நெடுந்தூரம் விரட்டிவிட்டு வந்தவுடன் அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடலாம். டீசல் வாங்கியவர்கள் மட்டும் ஒன்றைக் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நல்ல சூட்டில் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். தினமும் மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூடச் சவாரி மட்டும் போகும் வண்டியில் அந்தச் சூடு வருவதேயில்லை. வடிகட்டி அடைத்து விளக்கு எரியும். அவ்வப்போது ஒருமுறை நெடுஞ்சாலையில் கால் மணி, அரை மணி நேரம் சீராக ஓட்டினாலே பாதி தொல்லை தீரும். நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் டீசல் வாங்காமலே இருந்திருக்கலாம்.

வண்டிக்குள் நடப்பது வேறு வகைத் துயரம். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே, சூர்யா ஆற்றுப் பாலத்தில் மோதிய விலையுயர்ந்த எஸ்யூவியில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவரும் அவரோடு இறந்தவரும் பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்தார்கள். முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள். அந்த ஆண்டில் மட்டும் இந்தியாவில் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். இதில் பாதிப் பேர் பயணிகள். சாவு வீட்டுச் செய்தி அடங்கிய சில வாரங்களில், பெல்ட் எச்சரிக்கை ஒலியை ஏமாற்றும் உலோகக் கொக்கியின் விற்பனை வழக்கம்போல நடந்தது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, இணைய அங்காடிகளிலிருந்து அந்தக் கொக்கிக்கான 13,118 விற்பனைப் பக்கங்களை நீக்கவைத்தது. நூறு இருநூறு ரூபாய்க்குச் சாவை வாங்கி, அது ஒலி எழுப்பாமல் இருக்கவும் ஏற்பாடு செய்துகொள்ளும் விசித்திரத்தை வேறெப்படிச் சொல்வது?

சன்ரூஃப் இன்னொரு பைத்தியம். வெயில் கொளுத்தும் தமிழ்நாட்டில் கூரையில் கண்ணாடி எதற்கு என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். குழந்தையைப் பாதி உடம்பு வெளியே நிற்க வைத்து ஓட்டுவது, இப்போது ஞாயிற்றுக்கிழமைக் காட்சி ஆகிவிட்டது. 2025 செப்டம்பரில் பெங்களூருவில் அப்படி நின்ற சிறுவனின் தலை, சாலையின் குறுக்கே இருந்த உயரத் தடுப்பில் மோதிய காணொளி நாடெங்கும் பரவியது. முன்னிருக்கையில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதும் அதே ரகம்தான். ஏர்பேக் விரிகிற வேகத்தில் குழந்தை நசுங்கும். கைக்குழந்தைக்கான பின்னோக்கிய இருக்கை, இயங்கும் ஏர்பேக்குக்கு முன்னால் இருக்கவே கூடாது. பதினான்கு வயதுக்குட்பட்டவர் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் பயணித்தால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. எங்கேனும் வசூலித்ததைப் பார்த்தவர்கள் கை தூக்கலாம்.

அலங்காரக் கடைகளுக்கும் இதில் பங்கு உண்டு. பக்கவாட்டு ஏர்பேக் பல வண்டிகளில் இருக்கையின் விளிம்புக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் தடித்த ரெக்ஸின் உறையை இறுக்கித் தைத்தால் அது விரிய வழி இல்லை. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி, மோதலின் வேகத்தை உள்வாங்கி நசுங்க வேண்டிய பகுதியைத் தாண்டி அடியை நேராகச் சட்டத்துக்குக் கடத்துகிறது. எதிரே வரும் பாதசாரியின் எலும்பையும் நொறுக்குகிறது. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதைச் சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டது. கட்சிக்கொடி கட்டிய வண்டிகளில் தொடங்கி எங்கும் கம்பிகள் மின்னுகின்றன.

பானெட் உயர்ந்த வண்டியால் வெளியே இருப்பவர்களுக்கும் ஆபத்து கூடும். 2023-ல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுத் துறை ஆய்வு மையம் வெளியிட்ட ஆய்வில், பானெட்டின் முன்விளிம்பு ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும் வண்டிகள் மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புடைய கார்களைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. நம் ஊர்ச் சிறிய எஸ்யூவிகள் அமெரிக்க பிக்கப்புகளின் உயரத்துக்கு வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு புது மாடலும் முன்னதைவிட நிமிர்ந்த மூக்கோடுதான் வருகிறது. இந்தியச் சாலைகளில் இறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போகிறவர். வீட்டு வாசலிலேயே வண்டிக்கு நேர் முன்னால் குந்தியிருக்கும் மூன்று வயதுக் குழந்தை, ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியாது. பின்பக்கக் கேமரா இதற்கு உதவாது. புறப்படும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வர அரை நிமிடம் ஆகும். இருக்கையின் உயரத்தைக் கூட்டி, இரு கண்ணாடிகளையும் வெளிப்புறமாகத் திருப்பினால் மறைவுப் பகுதி கொஞ்சம் சுருங்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று பல வண்டிகளில் இருக்கிறது. பின்னால் ஆளும் சுமையும் ஏறி வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும்போது, ஹெட்லைட்டைத் தாழ்த்துவதற்கான ஏற்பாடு அது. இரவில் எதிரே வருபவர் கண் கூசித் திட்டுவதற்குப் பாதிக் காரணம், அந்தச் சக்கரத்தை யாரும் தொடாததுதான்.

இதையெல்லாம் வண்டி வாங்குபவருக்கு யார் சொல்ல வேண்டும்? ஷோரூமில் டெலிவரி நாளில் மாலை போடுகிறார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள், கேக் வெட்டி, ஆளுயரச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். விளக்கம் என்ற பெயரில் செல்போனை ப்ளூடூத்தில் இணைத்துக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. டயர் ஸ்டிக்கரைக் காட்டி, ஸ்டெப்னியைக் கழற்ற வைத்து, ஏபிஎஸ் அதிர்வைப் பழக்கி, மலையில் எந்தக் கியர் என்று சொல்ல ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தை டெலிவரியின் கட்டாயப் பகுதியாக்கி வாடிக்கையாளரிடம் கையொப்பம் வாங்கச் சொல்வது, போக்குவரத்துத் துறைக்குப் பெரிய காரியமல்ல.

அரசு செய்யத் தவறிய ஒன்றும் இருக்கிறது. 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால், டியூப்லெஸ் டயர் வண்டிகளுக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்று சலுகை கொடுத்தது. உயிர் காக்கும் கருவியைக் கட்டாயமாக்காமல், ஸ்டெப்னிச் செலவை மிச்சம் பிடிக்க உற்பத்தியாளருக்கு அதைச் சாக்காகக் கொடுத்ததாகவே இது முடிந்தது. விலை உயர்ந்த வேரியன்ட்டில் எச்சரிக்கை விளக்கு, அடிமட்ட வேரியன்ட்டில் பங்க் ஊழியரின் 35 என்பதுதான் பல மாடல்களில் நிலைமை. தனி சென்சார் வைக்கப் பணம் அதிகம் ஆகும் என்ற வாதமும் எடுபடாது. ஏபிஎஸ்ஸுக்காக ஏற்கெனவே ஒவ்வொரு சக்கரத்திலும் சுழற்சி வேகத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. காற்று குறைந்த டயர் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுழலும். அந்த வித்தியாசத்தை வைத்தே எச்சரிக்கும் மென்பொருள் பல ஆண்டுகளாக உலகச் சந்தையில் புழக்கத்தில் இருக்கிறது. ஏபிஎஸ் 2019 முதல் எல்லாக் கார்களிலும் உள்ள நாட்டில், இந்த எச்சரிக்கை விளக்கைக் கட்டாயமாக்க ஓர் அறிவிக்கை போதும்.